கூப்பிடு தூரம்

"அந்த ஊர்க்காரங்க எங்க பக்கத்துலயே வேணாம். மேட்டோட இந்தக் கோடியில நாங்க, அந்தக் கோடியில அவங்க. நடுவுல வயலைப் போடுங்க!"

ஊர்க் கூட்டத்துல, அந்த ஊர் மருமகளைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ஒரு மாமியார் எழுந்து நின்னு இப்படிச் சொன்னதும், பட்டாசுக்கு மூக்கு மேல கோபம் வந்துருச்சு.

பட்டாசுங்கறது காலேஜ்ல வெச்ச பேரு. வாயைத் திறந்தா வெடிதான்.

புது அணையில, ஆத்துக்கு இக்கரையிலயும் அக்கரையிலயும் இருக்குற ரெண்டு ஊரும் முழுகப் போகுது. மேட்டுல புதுசா வீடு. ஊர் அமைப்பு படிக்கிற பட்டாசுதான் வரைபடம் போட்டிருந்தா. பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குற ஊர்களாச்சேன்னு, சம்பந்தி வீடுங்களை எதிரெதிரா வெச்சு ஒரே தெரு. இன்னைக்கு ஊர் சரின்னா, நாளைக்கு மனை அளந்து கல் நட்டுருவாங்க.

"ஏம்மா, அந்த ஊர்ப் பொண்ணு மட்டும் வேணும், பெத்தவங்க எதிர்வீட்டுல இருந்தா ஆகாதா? கடிச்சுத் தின்னுடுவாங்களா?"

"ஆகாதும்மா." மாமியார் அசைஞ்சு குடுக்கலை.

பட்டாசு மருமக பக்கம் திரும்பினா. "அக்கா, பயப்படாம சொல்லுங்க. அம்மா எதிர்ல இருந்தா உங்களுக்கு நல்லதுதானே?"

மருமக தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "அத்தை சொல்றபடியே இருக்கட்டும்."

"பார்த்தீங்களா! வாயைக்கூடத் திறக்க விடாம வெச்சிருக்கீங்க!"

மேசையில தட்டின தட்டுல, வரைபடம் சுருளாம இருக்க வெச்சிருந்த டீ கிளாஸ் கவுந்துது. புதுத் தெரு முழுக்க டீ.

மருமகளுக்கு அடக்கி வெச்ச சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. "அய்யோ அத்தை, நீங்களே சொல்லிடுங்க. இல்லைன்னா இந்தப் பொண்ணு உங்களை ஜெயிலுக்கே அனுப்பிரும்."

மாமியார் முந்தானையால டீயைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. "இவ அப்பப்ப கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவா. தப்பு என் பையன் மேலதான் இருக்கும். நான்தான் பஸ் ஏத்தி விடுவேன்."

"அதனால?"

"இப்ப இவளைக் கூட்டிட்டு வரணும்னா, அவன் ஆத்தைத் தாண்டி, அந்த ஊரே பார்க்கத் தெரு முழுக்க நடந்து, மாமனார் வாசல்ல நின்னு, தப்புதான்னு சொல்லணும். நீ எதிர்வீட்டுல வெச்சுட்டா, படுத்த இடத்துலேர்ந்தே 'ஏய், வாடி'ன்னு கூப்பிட்டுருவானேம்மா!"