மூன்றாவது குரல்

“மூணாவது ஆள் பேசவே இல்ல. நீங்களா கதை கட்டி ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க!”

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார் மேலாளர். கூட்டங்களில் பதிவான பேச்சைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் அலுவலகம் அது.

“சத்தியமா பேசறாங்க சார். குரல்தான் கொஞ்சம் மெதுவா இருக்கு.” டைப்பிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ரெண்டு தடவை கேட்டாச்சும்மா. நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

அவள் மூலையில் இருந்த கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தாள். வாயைத் திறந்தால், கம்ப்யூட்டரை நம் இஷ்டப்படி அமைத்துக்கொள்ள விடும் இலவச மென்பொருளான லினக்ஸின் புராணம்தான். அதனால் அவருக்குப் பெயரே ‘லினக்ஸ் அண்ணன்’.

“அண்ணே, நீங்களாவது ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்களேன்.”

அவர் ஹெட்போனைத் தொடக்கூட இல்லை.

“சார், உங்க மெஷின்ல வேற ஒலி அமைப்பு போட்டுத் தரட்டுமா?”

“எல்லா மெஷின்லயும் ஒரே அமைப்புதான்னு உத்தரவு போட்டிருக்கேன்ல?”

“லினக்ஸ்ல நாலஞ்சு இருக்கு சார். எது வேணும்னு உட்கார்ந்து கேக்கறவங்கதான் முடிவு பண்ணணும். அது அவங்க உரிமை. பிடிக்கலன்னா பழசுக்கே மாத்திடலாம்.”

இங்கே ஒருத்திக்கு வேலை போகிறது, இந்த மனுஷனுக்கு உரிமைப் பிரசங்கம்! எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

தொல்லை விட்டால் போதும் என்று மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். லினக்ஸ் அண்ணன் பத்து நிமிடம் எதையோ தட்டினார்.

மேலாளர் மறுபடி ஹெட்போனை மாட்டினார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

“இருக்கும்மா. நீங்க எழுதினது வரிக்கு வரி சரி. என்னை மன்னிச்சுடுங்க.”

எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புது அமைப்பு பிரமாதம் என்று லினக்ஸ் அண்ணனுக்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

மாலையில் எல்லோரும் கிளம்பியதும் மேலாளர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்த மூணாவது ஆள் குரல் ஹெட்போன்ல வலப்பக்கம் மட்டும் கேக்கற மாதிரிதான் பதிவாகியிருக்கு. நீ ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாச் சேர்த்து விட்டிருக்கே. இப்பதான் பார்த்தேன்.”

“ஆமா சார்.”

“எனக்கு வலது காது சுத்தமா கேக்காது. என் வீட்டுக்காரிக்கே தெரியாத விஷயம். உனக்கு எப்படிப்பா தெரியும்?”

“எனக்குத் தெரியாது சார்,” என்றார் லினக்ஸ் அண்ணன். “இனிமேலும் தெரியாது.”