கனடா விசா

பீளமேட்டில் சாராள் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"ஒன்றரை வயசுக் கொழந்தைய உட்டுப்போட்டு ரெண்டு வருஷம் கனடாவுல படிக்கோணுமா? மனசுல ஈரம் வேண்டாமா?"

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மருமகள் கெசியா ஓரடி பின்வாங்கினாள். மாமியார் இவ்வளவு கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

"ஸ்டூடண்ட் விசா கெடச்சிருச்சுன்னா குடும்பமே மறந்துபோகுமா?"

மேஜைமேல் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்த சாராள், அதை மகன் கிளமென்ட்டின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"போன வருஷம் கெசியாவுக்கு விசா வந்தப்ப, கொழந்தைக்குத் தாய் வேணும்னு நீதானடா தடுத்தே? இப்ப உனக்கு வந்ததும் கொழந்தைக்கு அப்பன் வேண்டாமா?"

கிளமென்ட் தலைகுனிந்தான்.

"போறதுன்னா மூணு பேரும் போங்க. கெசியா படிக்கட்டும், நீ கூடப் போய்க் கொழந்தையப் பாரு. கூடப் போறவங்களுக்கும் விசா இருக்குதாமா!"