ஈரலில் இடம் விடாத பலவேசம்

ஒரு மொடாக்குடியனின் ஈரலுக்குள் சடையப்பர் என்றொரு கிழட்டு உயிரணு இருந்தார். வந்து விழுகிற சாராயத்தைப் பிரித்துப் பிரித்தே ஓய்ந்துபோனவர். ஒருநாள் அவருக்குள் இருந்த காவல்காரன், "ஐயா, உள்ளே எல்லாம் பழுதாகிப்போச்சு. அது பரவுறதுக்குள்ள கரைஞ்சிருங்க" என்றான்.

அடுத்த வீட்டுப் பலவேசம் சிரித்தார். அவருக்கும் அதே பழுதுதான்.

"என் காவல்காரன் வாயை அடைச்சிட்டேன் வேய்! இனிச் சாவே கிடையாது. எத்தனை பிள்ளைகள் பாரும்! ரத்தக்குழாய்கூட என் வாசலுக்குத் தனியாக் கிளை விட்டிருக்கு. நீரும் அடைச்சிரும்."

சடையப்பருக்கும் சபலம் தட்டியது. சாக யாருக்குப் பிடிக்கும்?

"அதுசரி, சாராயம் பிரிக்கிற வேலை?"

"மறந்துபோச்சு."

"பித்தநீர் சுரக்கிறது?"

"அதுவுந்தான். திங்கவும் பெருகவுமே நேரம் பத்தலை."

"அப்போ இத்தனை பேருக்கும் சேர்த்து யார் பாடுபடுறது?"

"அதான் நீர் இருக்கீரே!" என்றார் பலவேசம், கொஞ்சமும் கூசாமல்.

சாவே இல்லாமல் இந்தக் கூட்டத்துக்கு உழைப்பதை நினைத்ததுமே சடையப்பருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. "கிளம்பலாமப்பா" என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொள்ளத் தோதாகத் தன்னையே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்ட ஆரம்பித்தார்.

அந்நேரம் பார்த்து மேலே கடகடவென்று குடிக்கிற சத்தம் கேட்டது.

"சடையப்பரே! சரக்கு இறங்குதே, யாருவேய் பிரிக்கிறது?" என்று அலறினார் பலவேசம்.

பதில் சொல்ல அங்கே பொட்டலங்கள்தான் கிடந்தன. பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு அப்பன் முகத்தையே பார்த்தன.