அம்மாவின் நோட்டுக் கணக்கு

கல்லூரிக் கூடைப்பந்தில் தன்னைப்போல் ஒரு ஃபார்வர்டு இதுவரை பிறக்கவில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை என்று அண்ணன் அறிவித்தான். அன்றுதான் அவனுடைய கடைசி ஆட்டம் முடிந்திருந்தது.

"நாலு வருஷத்துல ஆயிரத்து இருநூத்திப் பதினாலு பாயின்ட், அறுநூறு ரீபவுண்டு! நீதான் ஒரு மேட்ச் விடாம எழுதினியே, தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டும்மா."

அம்மா நோட்டைப் புரட்டினாள். "நூத்திப் பன்னெண்டு."

"என்னது?"

"நீ கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நீ எழுந்து நின்னதும் ஒரு டிக்."

தங்கை சிரித்துப் புரண்டாள்.

"மானத்தை வாங்காதம்மா! இதெல்லாம் ஒரு கணக்கா?"

மறுவாரம் தங்கையின் முதல் ஆட்டம். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கேலரிக்குத் தாமதமாக வந்த ஒருவர் அண்ணனிடம், "ஸ்கோர் என்ன தம்பி?" என்றார்.

"கவனிக்கலைங்க" என்றவன், தங்கை எழுந்து நிற்கும்வரை காத்திருந்து, நோட்டில் மூன்றாவது டிக்கைப் போட்டான்.