பூனையின் சோயா பரீட்சை

கன்றுக்குட்டி துள்ளிக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. அதற்கென்று கறந்து வைத்த பாலில் தினமும் ஒரு கிண்ணம் குடித்துவந்த பூனை கருவாயன், இனி சோயா பாலுக்கு மாறப்போகிறதாம். ருசி பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பாக்கி.

மூன்று வகை சோயா பால் வந்தது. பூனை முதல் வகையை ஒரு நக்கு நக்கியது.

"பச்சை மொச்சை வாடை அடிக்குது. ஆனா நிஜப் பாலும் பக்கத்துல இருந்தாத்தானே சரியா சொல்ல முடியும்?"

"இதோ மாமா," என்று துள்ளி ஓடிப்போய்த் தன் பாலில் ஒரு கிண்ணம் கொண்டுவந்தது. பூனை சொட்டு விடாமல் குடித்தது.

இரண்டாவதில் வெனிலா தூக்கல். அந்தத் தித்திப்பு நாக்கைவிட்டுப் போக இன்னொரு கிண்ணம் பால் வேண்டியிருந்தது.

மூன்றாவதை நக்கியதும் பூனையின் மீசை நிமிர்ந்தது. "அட, இது கிட்டத்தட்ட பால்தான்."

துள்ளி ஒரு குதி குதித்தது. பூனை கேட்பதற்கு முன்பே மிச்சமிருந்த பாலையும் கொண்டுபோய் வைத்தது.

சாயங்காலம் அம்மா பசு கேட்டது. "எதுடா ஜெயிச்சுது?"

"நாளைக்குத் தெரிஞ்சிடும்மா. கடையில இன்னும் நாலு வகை இருக்காம். ஒண்ணு விடாம பாத்துச் சொல்றேன்னு மாமா வாக்கு குடுத்திருக்காரு," என்றது துள்ளி, காலிக் கிண்ணத்தை நக்கிக்கொண்டே.