செங்கல்பட்டு ஒண்ணு

இன்றைக்குக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஞானம்பாள் டிக்கெட் அறையைப் பெருக்கினாள்.

அந்தச் சிறிய ரயில் நிலையத்தில் கமிஷனுக்கு டிக்கெட் விற்றவள் அவள். மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது நிலையத்தையும் மூடிவிட்டார்கள். அவள் மட்டும் தினமும் காலையில் வந்து பூட்டைத் திறந்தாள்.

மூடுவதற்கு முந்தைய கோடையில், மகள் சங்கரி இதே ஜன்னலில் செங்கல்பட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து பஸ்ஸில் மாமல்லபுரம் போகத் தோழிகளோடு புறப்பட்டாள். கடலில் இறங்கியவள் கரையேறவில்லை.

இன்றைக்கும் ஜன்னலின் அரைவட்ட ஓட்டை வழியே சங்கரியின் கை நீண்டது. ஈரமாக இருந்தது. விரலிடுக்கில் மணல்.

"இன்னாம்மா, பராக்கு பாத்துகினு கீற? செங்கல்பட்டு ஒண்ணு குடு."

மிச்சமிருந்த அட்டை டிக்கெட்டுகளில் ஒன்றை அவள் தினமும் கொடுத்தாள். மறுநாள், மறுபடியும் கடலில் மூழ்கிவிட்டு வந்ததுபோல, அந்தக் கை இன்னும் வெளுத்து, இன்னும் ஊறி வந்தது. கொடுக்காவிட்டால் நாளை கையும் வராது.

தண்டவாளமில்லாத பக்கத்தில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"பெத்த பொண்ணாண்டயே பிகு பண்றியே! அல்லாரும் ஏறிட்டாங்கம்மா."

ஞானம்பாள் டிக்கெட்டுகளை மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

"டிக்கெட் இல்ல, கண்ணு."