வெயில் படக்கூடாது

தவரத்தினம் இறந்து ஒரு மாதமாகியும் அவர் மனைவி நாகேஸ்வரி வீட்டுத் திரைச்சீலைகளைத் திறக்கவில்லை. பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைகளில் அதுதான் பேச்சு. கடைசியில் மேல்மாடியில் குடியிருக்கும் இம்மாகுலேற் வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்தாள்.

"இருட்டுக்கை இருந்தா அவர் திரும்பி வருவாரே?" என்றபடி ஜன்னலுக்குப் போனாள்.

"ஐயோ அக்கா, திறவாதேங்கோ!"

அதற்குள் திரை விலகி வெயில் பாய்ந்தது. நாகேஸ்வரி அலறினாள்.

"அழு பிள்ளை, அழுதாத்தான் ஆறும்." இம்மாகுலேற் நீண்ட மேசையொன்றில் சாய்ந்து அவளை இறுக்கி அணைத்தாள். அவள் திமிறத் திமிற விடவில்லை.

ஒருவழியாக விட்டுவிட்டு நகர்ந்தபோது சேலைத்தலைப்பு அவளோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அது மேசையல்ல, கடல் அலையில் சறுக்கும் பலகை.

"அவர் பிசின் பூசி அரைவாசியிலை விட்டிட்டுப் போனது, அக்கா. நான் முடிப்பம் எண்டு இப்பதான் மிச்சத்துக்கும் பூசினனான். வெயில் பட்டா அஞ்சு நிமிசத்திலை கல்லாப்போம். அதுக்குத்தான் இவ்வளவு நாளும் இருட்டு."

"அப்ப என்ரை சீலை?"

நாகேஸ்வரி இழுத்துப் பார்த்தாள். தலைப்பு பலகையோடு பளபளவென்று இறுகியிருந்தது.

"இதைக் கடலிலை விடவேணும் எண்டது அவற்றை ஆசை. இனி நீங்களும் வரத்தான் வேணும், அக்கா."